அருவிக்கு மேலே என்ன இருக்கிறது? ராக்கி மலைகளில் ஐஸும் பாறையும் ஏறுவோருக்கு

கனடாவின் கல்கரியிலிருந்து மேற்கே காரில் போனால், பான்ஃப் ஊருக்குள் திரும்புவதற்குச் சற்று முன்னால் வலப்பக்கம் கேஸ்கேட் மலை தெரியும். அதன் முகத்தில் சுமார் 300 மீட்டருக்கு ஓர் அருவி. குளிர்காலத்தில் அது படிப்படியாக உறைந்து நீலமும் வெள்ளையுமாக நிற்கும். சாலையிலிருந்து கொஞ்ச தூர நடைதான். ஏறுவதற்கும் பெரிய கடினம் இல்லை. உறைந்த அருவிகளுக்கான தரவரிசையில் டபிள்யூ.ஐ. 3. இரண்டு பருவம் ஒழுங்காகப் பழகியவர் தாராளமாக ஏறலாம். ஆனாலும் இந்தப் பக்கத்து ஆட்கள் பாதி நாட்கள் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போய்விடுவார்கள். காரணம் சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அருவிக்கு மேலே கிண்ணம் போல அகன்ற பெரிய சரிவு ஒன்று இருக்கிறது. அதில் சேர்கிற பனியெல்லாம் சரிந்தால் வடிய இருக்கிற வழி அந்த அருவி ஒன்றுதான்.

எந்த அருவிக்குப் போனாலும், எந்தப் பாறைக்குப் போனாலும், முதல் வேலை ஏறப்போகிற தடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. குளிர்காலத்தில் அது பனி, கோடையில் கல். கையும் காலும் எவ்வளவு தேர்ந்திருந்தாலும் மேலிருந்து வருவதை நிறுத்த முடியாது. 2019 ஏப்ரல் 16 அன்று ஹௌஸ் சிகரத்தில் டேவிட் லாமா, ஹான்ஸ்யோர்க் ஔவர், ஜெஸ் ராஸ்கெலி மூவரும் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குகையில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய திறமைசாலிகள் அவர்கள்.

சொல் விஷயத்தில் ஒரு சின்ன ஒழுங்கு செய்துகொள்வோம். மார்கழிக் காலையில் புல்லில் இருப்பதும் நமக்குப் பனி, இமயமலையில் இருப்பதும் பனி. மலையேற்றத்தில் இது சரிப்படாது. இங்கே, வானத்திலிருந்து கொட்டிக் கிடப்பது பனி. தண்ணீர் உறைந்து இறுகியது ஐஸ். ஏறுவது ஐஸில், பயப்படவேண்டியது பனிக்கு.

அஸ்கா சர்க்கரை மேல் ஒரு பலகை

ராக்கி மலைப் பனிக்குக் கடலோர மலைகளின் குணம் கிடையாது. ஆழம் குறைவு, குளிர் அதிகம். தரை பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும். பனியின் மேல்முகம் மைனஸ் 25-இல் கிடக்கும். ஒரு மீட்டர் தடிப்புக்குள் இவ்வளவு வேறுபாடு இருந்தால் கீழேயுள்ள பனித்துகள்கள் ஆவியாகி மேலேறி மறுபடி உறைகின்றன. அப்படி உறைந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் ஒழுகிவிடும். அதன்மேல் அடுத்தடுத்த புயல்களின் பனி காற்றால் இறுகிப் பலகையாக உட்கார்கிறது. கீழே சர்க்கரை, மேலே பலகை, சாய்வு முப்பது டிகிரிக்கு மேல்: சரிவதற்கு ஒரு ஆளின் எடை போதும். சில வருடங்களில் நவம்பரில் உருவான பலவீன அடுக்கு மார்ச் வரைக்கும் அடியிலேயே இருக்கும். மேலே எத்தனை அழகாக மூடியிருந்தாலும் அது கெட்டிப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

பனிச்சரிவு முன்னறிவிப்பு தினமும் வருகிறது. பான்ஃப் தேசியப் பூங்காவுக்கு பார்க்ஸ் கனடா தயாரிக்கிறது. அவலாஞ்ச் கனடா தளத்தில் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆபத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருப்பார்கள். பலர் மூன்று என்று பார்த்ததும் ‘நடுத்தரம்தானே, பரவாயில்லை’ என்று கிளம்பிவிடுகிறார்கள். மூன்றின் பொருள், தானாகச் சரிய வாய்ப்புண்டு, ஆள் மிதித்தால் சரியும் வாய்ப்பு அதிகம் என்பது. எண்ணைவிட அதன்கீழ் எழுதியிருப்பதுதான் முக்கியம்: எந்த உயரத்தில், எந்தத் திசைச் சரிவில், எந்த அடுக்கு. பிறகு இடத்தின் தரம். சாதாரணம், சவாலானது, சிக்கலானது என்றெல்லாம் நிலத்தைப் பிரித்திருக்கிறார்கள். பிரபலமான ஐஸ் தடங்களுக்கும் இந்தத் தரம் உண்டு. எங்கள் கணக்கு எளிது: எண் மூன்றாக இருந்தால் சிக்கலான இடங்களைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட வேண்டும். அங்கே போய் நின்று பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் முடிவு எப்போதும் ‘ஏறலாம்’ என்றுதான் வரும். விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து வந்தவன் மனசு அப்படி.

எண் எதுவாக இருந்தாலும் திரும்பிவர மூன்று காரணங்கள் போதும். முந்தைய இருபத்துநாலு மணி நேரத்தில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் புதுப் பனி. மலைமுகட்டில் பனிப்புகை பறக்கிற அளவுக்குக் காற்று. அது ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கச் சரிவில் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது திடீர் வெப்பம். சினூக் என்கிற மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடும். காலையில் மைனஸ் 20 இருந்த இடம் மாலையில் பூஜ்யத்தைத் தாண்டிவிடும். ஊரில் எல்லாருக்கும் கொண்டாட்டம். மேலே கிண்ணத்தில் இருக்கிற பனிக்கு அது கெட்ட நேரம்.

சறுக்கு விளையாட்டுக்காரர்களுக்குப் பெரிய சரிவுதான் ஆபத்து. ஐஸ் ஏறுகிறவர்களுக்குச் சின்னதே போதும். ஒடுக்கமான பள்ளத்தில், கயிற்றில் கட்டுண்டு, தப்பி ஓட இடமில்லாமல் நிற்கும்போது ஒரு வண்டி பனி வந்தாலே ஆளை உதறிவிடும். அதனால்தான் புதைந்தவரைத் தேடுகிற டிரான்ஸ்ஸீவர் ரேடியோ, குத்திப் பார்க்கிற நீண்ட குச்சி, தோண்ட மண்வெட்டி மூன்றையும் ஐஸ் ஏறுகிறவர்கள் எடுத்துப்போக வேண்டுமா என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. ‘விழுந்து அடிபட்டே சாவோம், புதைந்து அல்ல’ என்பவர்கள் ஒரு பக்கம். எடுத்துப்போங்கள் என்பதே எங்கள் பேச்சு. அருவிக்கு நடந்துபோகிற வழியிலும் சரிவுகள் உண்டு. புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் நம்பிக்கை. உதவிக்கு ஹெலிகாப்டர் வருகிற வரை அது காத்திருக்காது. ஆனால் கருவி பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு சரிவின்கீழ் போகிறீர்கள் என்றால், அன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு நீங்களும் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

எண் கூடிய நாட்களுக்கும் இடங்கள் இருக்கின்றன. கேன்மோர் பக்கத்து குரோட்டோ கேன்யன், பான்ஃபுக்கு மேற்கே ஜான்ஸ்டன் கேன்யனின் மேல் அருவி, கூட்டனே பூங்காவில் ஹாஃப்னர் கிரீக். எல்லாம் குறுகலான பள்ளங்கள், மேலே பெரிய சரிவு கிடையாது, மேலிருந்து கயிறு போட்டுப் பழகலாம். ஜான்ஸ்டனில் மட்டும் சுற்றுலாப் பயணிகள் பார்வை மேடையில் நிற்பார்கள். அவர்கள் தலைக்கு ஐஸ் அனுப்பாத இடமாகப் பார்த்து ஏறுங்கள்.

ஐஸைக் காதால் படிப்பது

மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை ஏறச் சுகமான குளிர். ஐஸ் மெழுகு போல் இருக்கும். டூலின், அதாவது கையில் பிடித்து அடிக்கிற ஐஸ் கோடரியின், அலகு ஒரே அடியில் ‘தொக்’ என்று இறங்கி நிற்கும். மைனஸ் 20-க்குக் கீழே போனால் அதே ஐஸ் கண்ணாடி. அடித்த இடத்தைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சில்லு பெயர்ந்து முகத்துக்கு வரும். ‘டங்’ என்று வெண்கலச் சத்தம் வந்தால் அலகு சரியாகப் பிடிக்கவில்லை அல்லது ஐஸ் இறுக்கத்தில் இருக்கிறது. ‘பொத்’ என்று வந்தால் உள்ளே வெற்றிடம். பின்னால் தண்ணீர் ஓடலாம்.

தரையிலிருந்து தனியாக நிற்கிற தூண்கள் வேறு ரகம். குளிர் சட்டென்று இருபது டிகிரி இறங்கிய மறுநாள் அவற்றைத் தொடக் கூடாது. ஐஸ் சுருங்கப் பார்க்கும். மேலும் கீழும் பிடித்திருப்பதால் சுருங்க முடியாது. அந்த இழுவிசையில் இருக்கும் தூணை அலகால் ஒரு தட்டுத் தட்டினால், குறுக்கே ஒரு கோடு ஓடி மொத்தமாக இறங்கிவிடும். குளிர் நிலைத்து இரண்டு மூன்று நாள் ஆகட்டும். வெயில் படுகிற இடங்களுக்கு எதிர்க் கணக்கு. ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் சாலையோரமாகவே நிற்கிற வீப்பிங் வால், பெயருக்கேற்ப மார்ச் மாத மதியங்களில் அழ ஆரம்பிக்கும். பளபளவென்று மேலெல்லாம் தண்ணீர் ஓடினால் ஐஸில் திருகிக் கயிற்றை மாட்டுகிற குழாயான ஸ்க்ரூவின் பிடிப்பையும் நம்ப முடியாது, மேலே தொங்குகிற ஊசிகளையும் நம்ப முடியாது. விடியலில் தொடங்கி வெயில் வந்து சேருமுன் கீழே இருக்க வேண்டும்.

தரங்களைப் பற்றி ரொம்பச் சொல்லத் தேவையில்லை. டபிள்யூ.ஐ. 2 சாய்வு, 3-இல் அங்கங்கே செங்குத்து, 4-இல் நீளமான செங்குத்து, நடுவில் நின்று மூச்சுவாங்க இடம்; 5-இல் அந்த இடமும் கிடையாது. ஒரே அருவி டிசம்பரில் ஐந்தாக இருந்து, நூறு பேர் ஏறிப் படி வெட்டினாற்போல் குழி விழுந்தபிறகு பிப்ரவரியில் நாலாகிவிடும். புத்தகத்தில் போட்டிருக்கிற எண் போன வருடத்து ஐஸுடையது.

காலில்தான் ஏற வேண்டும். கைகளில் இரண்டு டூல் இருப்பதால் புதியவர்கள் கையால் இழுத்து மேலே போகப் பார்ப்பார்கள். பத்து மீட்டரில் முன்கை கல்லாகிவிடும். ஒரு டூலைத் தலைக்கு மேலே உயர அடியுங்கள். அந்தக் கை நேராகத் தொங்கட்டும். இடுப்பைப் பின்னுக்கு விட்டுக் கால் பார்த்து, இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் தோள் அகலத்துக்கு வரும்வரை சின்னச் சின்ன அடியாக மேலே வையுங்கள். பிறகு இடுப்பை ஐஸோடு ஒட்டி எழுந்து நின்று, அடுத்த டூலை முதல் டூலுக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் விலக்கி இன்னும் உயரத்தில் அடியுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரே விரிசலில் இரண்டும் சேர்ந்து பெயரும். புடைத்த இடத்தில் அடித்தால் சில்லு தெறிக்கும். குழிந்த இடத்தில் அடித்தால் நிற்கும். காலணிக்கு அடியில் மாட்டுகிற பல் சட்டமான கிராம்பான் அணிந்த காலில் குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கினால் முன்பல் நெம்பி வெளியே வந்துவிடும். களைத்தவர்களுக்கு முதலில் கெடுவது இதுதான். கீழேயிருந்து கயிறு பிடிப்பவர் ‘குதிகால், குதிகால்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அலகை எடுக்கும்போது பிடியை மேலும் கீழும் அசைத்து எடுங்கள். பக்கவாட்டில் திருகினால் அலகு ஒடியும்.

முன்னே ஏறுகிறவர் ஐஸில் விழக் கூடாது. பாறையில், போல்ட் அடித்த தடத்தில், விழுந்து விழுந்துதான் பழகுகிறோம். இங்கே காலில் பன்னிரண்டு பல். விழும்போது ஒரு பல் ஐஸில் மாட்டினால் கணுக்கால் போச்சு.

ஸ்க்ரூவும் இரண்டு ஓட்டையும்

அறுபது மீட்டர் டபிள்யூ.ஐ. 4 பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறுகிற பகுதி) ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு ஸ்க்ரூ: பெரும்பாலும் 13 செ.மீ., நின்று கயிறு பிடிக்க அமைக்கிற ஆங்கருக்கு 16 செ.மீ. மூன்று நாலு, 22 செ.மீ. ஒன்று, மெல்லிய ஐஸுக்கு 10 செ.மீ. ஒன்றிரண்டு. கயிறு எட்டு, எட்டரை மில்லிமீட்டரில் அறுபது மீட்டர் அரைக்கயிறு (இரண்டு சேர்த்துப் பயன்படுத்துகிற மெல்லிய கயிறு) இரண்டு, தண்ணீர் ஏறாதபடி பதப்படுத்தியது. இரண்டு கயிறு எதற்கு என்றால், இறங்கும்போது முழு அறுபது மீட்டரும் கிடைக்கும். ஒன்றில் கிராம்பான் பல் பட்டாலும் இன்னொன்று இருக்கும். பதப்படுத்தாத கயிறு அருவித் தண்ணீரில் நனைந்து உறைந்தால் குழாய் மாதிரி விறைத்துவிடும். கயிறு பிடிக்கிற பிலே கருவிக்குள் போகாது, போனாலும் பிடிக்காது.

ஸ்க்ரூ போடுகிற இடம் இடுப்பு மட்டம். பயத்தில் எல்லாரும் தலைக்கு மேலே போடப் பார்ப்பார்கள். அங்கே கைக்கு அழுத்தம் வராது, ரத்தமும் இறங்கிவிடும். ஒரு டூலை நன்றாக உயரத்தில் அடித்து, நேர்க்கையில் தொங்கி, கால்களைச் சமமாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மேலேயுள்ள உதிரி ஐஸை டூலால் சுரண்டி, அலகு நுனியால் ஒரு சின்னக் குழி வெட்டி, ஸ்க்ரூவின் பற்களை அதில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே அரை அரைச் சுற்றாகத் திருப்புங்கள். மரை பிடிக்கும்வரை அந்த அழுத்தம் குறையக் கூடாது. பிடித்தபிறகு கைப்பிடியைச் சுற்றினால் தானாகப் போகும்.

போகும்போது குழாய் வழியாக வெளியே வருவதைக் கவனியுங்கள். முறியாத, கெட்டியான ஐஸ் குச்சியாக வந்தால் நல்லது. நடுவில் நொறுங்கிய பனியோ, தண்ணீரோ, திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப் போவதோ இருந்தால் உள்ளே காற்றறை. ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். முழுதும் இறங்காமல் பாறையில் முட்டினால் நீட்டிக்கொண்டிருப்பதை அப்படியே விடாமல், எடுத்துவிட்டுக் குட்டையானதைப் போடுங்கள்.

கோணத்தில் ஒரு பழைய தவறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடாரத்து முளை அடிப்பதுபோல் தலை மேலேயும் நுனி கீழேயுமாகச் சாய்த்துப் போட வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். சோதனைகள் காட்டியது எதிர்மாறாக. நல்ல ஐஸில் தலை சற்றுத் தாழ்ந்து, நுனி பத்துப் பதினைந்து டிகிரி மேல்நோக்கி இருந்தால் எடையை மரைகள் வாங்கிக்கொள்கின்றன. முளை போலச் சாய்த்தால் தலைக்குக் கீழேயுள்ள ஐஸ் நொறுங்கி, குழாய் நெம்புகோலாகிவிடுகிறது. ஐஸ் மோசமாக இருந்தாலோ, வெயிலில் இளகும் என்று தெரிந்தாலோ மேற்பரப்புக்குச் செங்குத்தாகவே போடலாம். ஆங்கரில் இரண்டு ஸ்க்ரூவுக்கு இடையே ஒரு முழ தூரமாவது வேண்டும், ஒரே மட்டத்தில் வேண்டாம். ஆங்கரை விட்டுக் கிளம்பியதும் முதல் இரண்டு மூன்று மீட்டருக்குள் ஒரு ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். அங்கே விழுந்தால் அத்தனை எடையும் நேரே ஆங்கருக்குப் போகும்.

ஆங்கர் போட்டு நிற்கிற இடம் தடத்துக்கு நேர்கீழே இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒதுங்கி, குகை மாதிரி இடம் கிடைத்தால் அதற்குள். முன்னே போகிறவர் எவ்வளவு நளினமாக ஏறினாலும் ஐஸ் கொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இறங்குவதற்கு, சோவியத் மலையேறி விட்டாலி அபலகோவ் பெயரில் வழங்குகிற முறை. இரும்பு எதையும் விட்டுவராமல் ஐஸிலேயே ஒரு வளையம் செய்வது. மேற்பரப்பைச் சுரண்டிக் கெட்டி ஐஸ் வந்தபின், 22 செ.மீ. ஸ்க்ரூவை அறுபது டிகிரி சாய்வில் முழுதாகத் திருகி எடுங்கள். ஏறக்குறைய ஸ்க்ரூ நீளத்துக்கு விலகி, எதிர்த்திசையில் அதே சாய்வில் இரண்டாவது ஓட்டை. இரண்டும் உள்ளே நுனியில் சந்திக்க வேண்டும். சமபக்க முக்கோணம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டையில் வேறொரு ஸ்க்ரூவைப் பாதி நுழைத்து வைத்தால் எந்தத் திசையில் குறி வைப்பது என்று கண்ணுக்குத் தெரியும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: ஓட்டைகளை நெருக்கமாகப் போட்டு, சந்திப்பு ஆழமில்லாமல் போய்விடும். நடுவிலுள்ள ஐஸ்தான் எடையைத் தாங்குகிறது. அது மெலிந்தால் வளையமும் மெலிவுதான். ஏழு மில்லிமீட்டர் கயிற்றை ஒரு பக்கம் விட்டு, கொக்கியால் மறுபக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு, எடை அதன்மேல் வராதபடி தொய்வாக இணையுங்கள். முதலில் எடை கூடியவர் இறங்கட்டும், பைகளும் அவரோடு போகட்டும். வளையம் அசையவில்லை, ஐஸில் விரிசல் இல்லை என்று பார்த்தபின், எடை குறைந்தவர் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு இறங்குவார். முதல் ஆள் இறங்கியதும் கீழேயிருந்து கயிற்றை ஒரு முழம் இழுத்துப் பார்க்க வேண்டும். நகராவிட்டால் மேலே ஆள் இருக்கும்போதே சரிசெய்யலாம். கயிற்று நுனிகளில் முடிச்சு, எப்போதும்.

விரல்கள்

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே தூக்கிய கையில், டூலை இறுக்கிப் பிடித்திருக்கும்போது ரத்தம் ஓடுவதில்லை. விரல் மரத்துப்போகும், அப்போது வலிக்காது. ஆங்கருக்கு வந்து கையைத் தொங்கவிட்டதும் ரத்தம் திரும்பும். அந்த இரண்டு மூன்று நிமிடம், கதவிடுக்கில் விரல் நசுங்கினாற்போல் வலியும் வயிற்றைப் புரட்டுகிற குமட்டலும் சேர்ந்து வரும். பெரிய ஆட்களும் கண்ணீர் விடுவார்கள். இதற்கென்று இங்கே ஒரு பட்டப்பெயரே உண்டு. கத்தலும் வாந்தியும் சேர்ந்த பெயர். கடந்துபோகும், விரலுக்குக் கேடில்லை. வலியே திரும்பாமல் விரல்நுனி மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தால்தான் கேடு. உடனே இறங்குங்கள், பனியால் தேய்க்காதீர்கள்.

குறைக்க வழி இருக்கிறது. கையுறை மூன்று ஜோடி: நடக்க மெல்லியது, ஏற நடுத்தரம், நின்று கயிறு பிடிக்கத் தடித்தது. நடக்கும்போது வியர்த்த கையுறையோடு ஏறத் தொடங்கினால் அன்றைக்கு விரல் சூடாகவே ஆகாது. அடுத்து போடப்போகிற ஜோடி சட்டைக்குள் வயிற்றோடு இருக்கட்டும். டூலைக் கைக்குழந்தை விரலைப் பிடிக்கிற அளவுக்குப் பிடித்தால் போதும். ஸ்க்ரூ போடுமுன் ஒவ்வொரு கையாகத் தொங்கவிட்டு உதறுங்கள்.

கோடையில் அதே மலை

மே மாதம் ஐஸ் போனபின் பாறை. போ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. லேக் லூயிஸ் ஏரியின் மறுகோடியில் மட்டும் குவார்ட்சைட். கெட்டி, கூர்மையான விளிம்புகள், கைக்கு நம்பிக்கை தருவது. புதிதாகப் பாறையில் பழகுகிறவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

சுண்ணாம்புக்கு யாம்னஸ்கா மலை. தெற்கு பார்த்த சுவர், உயரமான இடத்தில் முந்நூறு மீட்டரைத் தாண்டும். 1952-இல் ஹான்ஸ் க்மோசர், லியோ கிரில்மைர், இசபெல் ஸ்ப்ரீட் மூவரும் ஏறிய கிரில்மைர் சிம்னிஸ்தான் அதன் முதல் தடம், பாறைத் தரவரிசையில் எளிதான 5.6. ஜிம்மில் 5.11 ஏறுகிறவர்கள் இந்த 5.6-ஐப் பார்த்து இளக்காரமாகக் கிளம்பி, இரண்டாவது பிட்சில் முகம் மாறுவார்கள். அங்கே கஷ்டம் ஏறுவதில் இல்லை. பிடிக்கிற கல் மலையோடு ஒட்டியிருக்கிறதா என்பதில்தான்.

சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். எடை வைக்குமுன் உள்ளங்கையால் ஒரு தட்டு. ‘டிங்’ என்றால் பிடிக்கலாம். ‘டொப்’ என்றால் பொள்ளல். பொள்ளலான கல்லையும் சில சமயம் தவிர்க்க முடியாது. அப்போது கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள், வெளியே இழுக்காதீர்கள். பழைய பிட்டன்கள் (விரிசலில் அடித்துவிட்ட ஆணிகள்) தடம் காட்ட உதவும். பல குளிர்காலம் உறைந்து உருகிய விரிசலில் இருப்பவை, அவற்றை மட்டும் நம்பித் தொங்க வேண்டாம். கயிறு வளைந்து வளைந்து போனால் அதுவே கல்லைத் தள்ளிவிடும். கயிற்றைப் பிடிமானத்தோடு இணைக்கிற ஸ்லிங் பட்டையை நீளமாக விடுங்கள். உங்களுக்கு மேலே வேறொரு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தால் அந்தத் தடத்தை அன்றைக்கு விட்டுவிடலாம். மேலிருந்து ‘ராக்!’ என்று கத்தல் கேட்டால், அந்த ஒரு தருணத்தில் மட்டும் மேலே பார்க்காதீர்கள். சுவரோடு ஒட்டித் தோளைக் குறுக்கி, ஹெல்மெட்டுக்குக் கீழே ஒடுங்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். நீளமான தடமானால் விடியலில் தொடங்குங்கள். அடிவாரத்தில் பையை விட்டுவிட்டு ஏறினால், வியர்வை உப்புக்காக எலியும் அணிலும் இடுப்பில் கட்டுகிற ஹார்னஸ் பட்டையையும் பை வாரையும் கடித்து வைக்கும். மரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

திரும்பி வருவது

டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்தான். காலை எட்டரைக்கு மேல் விடிந்து, மாலை நாலரைக்கெல்லாம் இருட்டும். நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று, பொதுவில் உபரி ஒன்று. போன் குளிரில் திடீரென்று அணைந்துவிடும், சட்டைக்குள் வையுங்கள். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 230 கிலோமீட்டர் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் பெரும்பாலும் சிக்னலே கிடையாது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்புகிற கருவி ஒன்று இல்லாமல் அந்தச் சாலையில் ஏறப் போகாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே குளிர்காலத்துக்கேற்ற டயர் சட்டப்படி கட்டாயம். நடுவழி சஸ்காச்சுவான் கிராஸிங் பெட்ரோல் நிலையம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். லேக் லூயிஸிலேயே டாங்கை நிரப்புங்கள். எந்த அருவி, எத்தனை மணிக்குள் திரும்புவோம், எத்தனை மணிக்குமேல் 911-ஐ அழைக்க வேண்டும் என்று ஊரிலிருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

வழிகாட்டியோடு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. 1896-இல் லெஃப்ராய் மலையில் ஃபிலிப் ஆபட் விழுந்து இறந்தபிறகுதான் கனேடியன் பசிபிக் ரயில்வே 1899-இல் ஸ்விஸ் வழிகாட்டிகளை இங்கே அழைத்து வந்தது. இன்றைய கனடா மலை வழிகாட்டிகள் சங்கம் 1963-இல் தொடங்கியது. ஸ்க்ரூ போடுவதையும் அபலகோவ் ஓட்டையையும் தரையில் நின்றபடி அவர்களிடம் ஒரு நாள் பழகினால், தவறு செய்துபார்க்க மலையில் கிடைக்காத வாய்ப்பு அங்கே கிடைக்கும்.

வீடு வந்ததும் தூக்கம் எப்படி வந்தாலும், ஸ்க்ரூக்களைப் பையிலிருந்து எடுத்துத் துணிமேல் பரப்பிவிட்டுப் படுங்கள். ஈரத்தோடு கிடந்தால் காலைக்குள் பற்களில் துரு பூக்கும். துருப்பிடித்த பல் ஐஸைக் கடிக்காது. கிராம்பானையும் அலகையும் கூராக்கும்போது கையால் அரம் போடுங்கள். மின்சாரச் சாணைக்கல்லில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்தான், ஆனால் சூடேறி எஃகின் பதம் போய்விடும். நுனி நீலமாக மாறியிருந்தால் அந்த அலகை மாற்றிவிடுங்கள்.